வெறியில் செய்த குற்றம்: சட்டம் எதை ஏற்கிறது, எதை ஏற்பதில்லை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ குடித்துவிட்டு நடந்த ஒரு வெட்டு, ஒரு கொலை பற்றிச் செய்தி வந்தால் இரண்டு விதமான பேச்சு எழும். "நிறை வெறியில நடந்திட்டுது, தெரிஞ்சு செய்யேல்லை" என்பார்கள் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், பக்கத்தார். "குடிச்சிருந்ததெண்டு சொல்லித் தப்பிடுவான்" என்பார்கள் இறந்தவரின் வீட்டார். எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றாலும், குடித்திருந்தால் சட்டம் இரங்கும் என்ற ஒரே நம்பிக்கையைத்தான் இருவரும் வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த இடம் எது, அது எவ்வளவு ஒடுக்கமானது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

செயலும் மனமும்

பாரதூரமான குற்றம் எதையும் நிரூபிக்க இரண்டு பகுதிகள் வேண்டும். ஒன்று, செய்த செயல். மற்றது, செய்தவரின் மனநிலை. மனநிலையைச் சட்டம் படிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. இங்கே நமக்கு மூன்று படிகள் போதும்.

1. நோக்கம்: இந்த விளைவு வரவேண்டும் என்று விரும்பிச் செய்வது. ஒருவரைக் கொல்லவென்றே கழுத்தில் வெட்டுவது இதற்குள் வரும்.
2. அறிவு: விளைவை விரும்பாவிட்டாலும், இப்படிச் செய்தால் அது நேரக்கூடும் என்று தெரிந்திருப்பது. ஆத்திரத்தில் கொட்டனால் ஒருவரின் தலையில் அடிப்பவருக்கு அவர் சாகவேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இருக்கலாம். தலையில் அப்படி அடித்தால் சாகக்கூடும் என்பது தெரியும்.
3. கவனயீனம்: சாதாரண மனிதர் ஒருவர் எடுக்கும் கவனத்தை எடுக்காமல் விடுவது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1860 இல் நிறைவேற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தை அடியொற்றி வந்தது. வெறி பற்றிய இரண்டு பிரிவுகளும் அங்கே 85, 86 ஆக இருந்தன. இங்கே 78, 79. (இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 23, 24 ஆகிவிட்டன.) ஆகவே அந்தப் பழைய பிரிவுகள் பற்றிய இந்திய உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் நமக்கு வெளிச்சம் தருகின்றன.

78 ஆம் பிரிவு: தானாகக் குடிக்காதவருக்கு

முழு விடுதலை தரும் பிரிவு இது ஒன்றுதான். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேறவேண்டும்.

1. செயலைச் செய்த நேரத்தில், தான் செய்வது என்ன என்றோ, அது பிழை அல்லது சட்டவிரோதம் என்றோ அறியமுடியாத அளவுக்கு அவர் வெறியில் இருந்திருக்கவேண்டும்.
2. வெறியூட்டிய பொருள் அவருக்குத் தெரியாமல் அல்லது அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும்.

சோடாவுக்குள் யாரோ மருந்து கலந்து கொடுத்தால் இரண்டாவது நிபந்தனை நிறைவேறும். கையைப் பிடித்து வாயில் ஊற்றினாலும் நிறைவேறும். கூட்டாளிமார் வற்புறுத்தினார்கள், கலியாண வீட்டில் மறுக்க முடியவில்லை என்பதெல்லாம் போதாது. வாய்க்குக் கொண்டுபோன கை அவருடையது.

வன்னியில் இதையொட்டி அடிக்கடி எழும் கேள்வி கசிப்பைப் பற்றியது. தவறணைக் கள்ளின் வேகம் குடிப்பவருக்குப் பழக்கம். போத்தல் சாராயத்தில் அளவு எழுதியிருக்கும். காட்டுக்கரையில் காய்ச்சி வரும் கசிப்பில் எவ்வளவு மதுசாரம் இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்பது குடிப்பவருக்குத் தெரியாது. "இவ்வளவு ஏறும் எண்டு நினைக்கேல்லை" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனாலும் 78 ஆம் பிரிவு கேட்பது வேகத்தின் அளவு தெரியுமா என்பதையல்ல. தன்னை வெறியாக்கும் பொருள் ஒன்றைக் குடிக்கிறேன் என்பது தெரியுமா என்பதையே. தெரிந்து கசிப்பைக் குடித்தவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார்.

பிரிவு மதுவோடு நின்றுவிடுவதும் இல்லை. கஞ்சா, ஹெரோயின், இப்போது பெற்றோரை நடுங்கவைக்கும் ஐஸ் எல்லாமே வெறியூட்டும் பொருள்கள்தான்.

79 ஆம் பிரிவு: விரும்பிக் குடித்தவருக்கு

நீதிமன்றத்துக்கு வரும் வெறி வழக்குகள் அனேகமாக இந்தப் பிரிவைச் சுற்றியே நடக்கின்றன. அது சொல்வதை எளிமையாக எழுதினால் இப்படி வரும்: குறிப்பிட்ட அறிவோடு அல்லது நோக்கத்தோடு செய்தால்தான் குற்றமாகும் ஒரு செயலை வெறியில் இருக்கும் ஒருவர் செய்தால், வெறியில்லாமல் இருந்திருந்தால் அவருக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகக் கொண்டு அவர்மீது நடவடிக்கை எடுக்கப்படும். அவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ வெறியூட்டப்பட்டிருந்தால் மட்டும் இது பொருந்தாது.

மேலே பிரித்துக் காட்டிய மனநிலைகளை இதில் பொருத்திப் பார்ப்போம்.

1. அறிவை வெறி அழித்துவிட்டது என்று எதிரி சொல்லமுடியாது. அந்த அறிவு அவருக்கு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இது மாற்றமுடியாத அனுமானம்.
2. நோக்கத்தைப் பற்றிப் பிரிவின் முற்பகுதி பேசுகிறது. பிற்பகுதியில், எதை இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்று சொல்லும் இடத்தில், நோக்கம் இல்லை. அறிவு மட்டுமே இருக்கிறது.
3. ஆகவே நோக்கத்தை வழக்குத்தொடுநர் தரப்பு சூழ்நிலைகளிலிருந்து நிறுவவேண்டும். அப்போது எதிரி எந்த அளவுக்கு வெறியில் இருந்தார் என்பதும் பார்க்கப்படும். நோக்கம் கொள்ளவே முடியாத நிலையில் மனம் கிடந்தது என்பது தெளிவானால், நோக்கம் தேவைப்படும் குற்றம் நிற்காது.

முதலில் சொன்ன ஒடுக்கமான இடம் இதுதான். 1920 இல், அப்போது அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை பியர்ட் வழக்கில் சொன்ன கருத்துகளும், இலங்கையில் 1924 ஆம் ஆண்டின் ரெங்கசாமி வழக்கு முதலான தீர்ப்புகளும் இந்த இடைவெளியைத்தான் ஆராய்ந்தன.

கொலை வழக்கில் என்ன மாறும்

294 ஆம் பிரிவு கொலையை வரையறுக்கிறது. அதற்குரிய தண்டனை மரணதண்டனை. 1976 க்குப் பிறகு இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லை என்பதால், தீர்க்கப்பட்டவர் நீண்டகாலம் சிறையில் இருப்பார். கொலையாகாத குற்றமுறை மனிதக்கொலையை நமது செய்தித்தாள்கள் கைமோசக் கொலை என்று எழுதுகின்றன. அதற்குரிய 297 ஆம் பிரிவில் இரண்டு தட்டுகள் உண்டு. சாகடிக்கும் நோக்கமோ, சாவு நேரக்கூடிய காயத்தை உண்டாக்கும் நோக்கமோ இருந்தும் ஏதாவதொரு விதிவிலக்கால் கொலை என்பதிலிருந்து இறங்கியிருந்தால் 20 ஆண்டு வரை சிறை. நோக்கம் இல்லாமல் அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை.

வெறியால் நோக்கம் இல்லாமற்போனது என்ற வாதம் முழுதாக வென்றாலும் எதிரி வீட்டுக்குப் போவதில்லை. 79 ஆம் பிரிவு கொடுத்த அறிவு அவர்மேல் அப்படியே இருக்கும். அவர் இறங்கும் இடம் அந்த 10 ஆண்டுத் தட்டு. "தப்பிடுவான்" என்று அஞ்சும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். "விட்டுவிடுவாங்கள்" என்று நம்பிக் காணியை விற்று வழக்காடும் குடும்பங்களும் தெரிந்துகொள்ளவேண்டும்.

கொலை என்றே தீர்க்கப்படவும் இன்னொரு வழி உண்டு. 294 இன் நான்காவது வகைக்கு நோக்கம் தேவையில்லை. அனேகமாகச் சாவை விளைவித்தே தீரும் உடனடி ஆபத்துள்ள செயல் என்று தெரிந்தும், அதைச் செய்ய எந்த நியாயமும் இல்லாமல் ஒருவர் செய்தால் அது கொலை. நிறைந்த திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருவர் வெறியில் உழவு இயந்திரத்தை முழு வேகத்தில் செலுத்தினால், யாரையும் கொல்லும் நோக்கம் அவருக்கு இருக்கத் தேவையில்லை. அறிவு போதும். அந்த அறிவை 79 ஆம் பிரிவு ஏற்கெனவே அவரிடம் வைத்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்கவேண்டும். குடித்தவர்கள் சண்டைபிடித்து ஒருவர் இறந்த வழக்கில் கைமோசக் கொலை என்று தீர்ப்பு வந்தால், வெறிக்காகத்தான் குறைத்தார்கள் என்று ஊர் முடிவுகட்டிவிடும். உண்மையான காரணம் 294 ஆம் பிரிவிலுள்ள விதிவிலக்குகளாக இருக்கலாம். முன்யோசனை இல்லாமல், சடுதியாக மூண்ட சண்டையின் சூட்டில், அளவுக்கு மீறிய அனுகூலம் எடுக்காமலும் கொடூரமாக நடக்காமலும் செய்திருந்தால் அது விதிவிலக்கு. பாரதூரமான சடுதியான ஆத்திரமூட்டலும் அப்படியே. இவை குடிக்காதவருக்கும் உண்டு. தீர்ப்பைப் பற்றிக் கதைக்குமுன் எந்தக் காரணத்தால் குறைந்தது என்று பார்ப்பது நியாயம்.

எவ்வளவு வெறி இருந்தால் நோக்கம் இல்லை எனலாம்?

1956 இல் இந்திய உயர் நீதிமன்றம் பாஸ்தேவ் வழக்கில் இதற்கு விடை தேடியது. ஓய்வுபெற்ற இராணுவத்தவர் ஒருவர் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். நன்றாகக் குடித்திருந்தார். பகல் சாப்பாட்டின்போது, வசதியாக இருப்பதற்காக 15, 16 வயதுப் பையன் ஒருவனைத் தள்ளி இருக்கச் சொன்னார். பையன் அசையவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டார். பையன் இறந்துபோனான்.

அவர் வெறியில் இருந்தார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சில வேளைகளில் தள்ளாடினார், உளறினார். ஆனால் தானாக நடந்து அந்த வீட்டுக்கு வந்தார். தனக்கென்று ஒரு இடம் தேடினார். சுட்டபின் ஓட முயன்றார். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். தான் என்ன செய்தேன் என்று அறிந்தவர்தான் ஓடுவார், மன்னிப்புக் கேட்பார். கொலைத் தீர்ப்பை நீதிமன்றம் உறுதிசெய்தது.

தடுமாறுவதும் குளறுவதும், நிதானமாக இருந்தால் செய்யமாட்டாத ஒன்றைக் குடி செய்யத் தூண்டியதும் நோக்கம் இல்லை என்பதற்குச் சான்றாகமாட்டா. 1975 இல் இங்கிலாந்தின் ஷீஹன் வழக்கில் சொல்லப்பட்டதும் இதுவே: வெறியில் கொண்ட நோக்கமும் நோக்கம்தான். மது முதலில் தளர்த்துவது தயக்கத்தை. நோக்கமே உருவாகமுடியாத நிலை அதற்கு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து, ஒழுங்கை தாண்டி, குறித்த ஆளைத் தேடிப்பிடித்து வெட்டுவது மிக அரிது.

அடிக்கடி கேட்கும் மூன்று வாதங்கள்

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை." இது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. மிகையாகக் குடிக்கும்போது மூளையில் புதிய நினைவுகளைப் பதியும் பகுதி வேலைசெய்யாமல் போகும். ஆனால் அந்த நேரத்திலும் ஒருவர் கதைக்கிறார், நடக்கிறார், கோபப்படுகிறார், முடிவெடுக்கிறார். நினைவு பதியவில்லை என்பது வேறு. நோக்கம் இருக்கவில்லை என்பது வேறு. சட்டம் கேட்பது இரண்டாவதை.

"துணிவுக்குத்தான் குடிச்சவன்." கொல்வதென்று முதலே முடிவெடுத்து, கை நடுங்காமல் இருக்கக் குடிப்பவர் வெறியைக் காட்டித் தப்பமுடியாது. 1961 இல் வட அயர்லாந்தின் கல்லகர் வழக்கில், மனைவியைக் கொல்ல நினைத்துக் கத்தியும் விஸ்கியும் வாங்கியவருக்குப் பிரபுக்கள் சபை கொடுத்த விடை அது.

"அவன் குடிநோயாளி." குடிக்கு அடிமையானவர் என்பது தானாக ஒரு எதிர்வாதமாகாது. ஆனால் நீண்டகாலக் குடி மனத்தையே சிதைத்திருந்தால் கதை மாறும். குடியை நிறுத்திய ஓரிரு நாளில் சிலருக்கு இல்லாதவை தெரியும், இல்லாத குரல்கள் கேட்கும், உடல் உதறும். வைத்தியர்கள் இதை நோயாகவே பார்க்கிறார்கள். அப்படி உண்டான சித்தசுவாதீனமின்மை 77 ஆம் பிரிவுக்குள் வரக்கூடியது. அந்தப் பிரிவில் விரும்பிக் குடித்தாரா என்ற கேள்வி இல்லை. குற்றவாளியல்ல என்று தீர்த்தாலும் நேரே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், காவலில் வைக்க உத்தரவிடலாம்.

மற்றக் குற்றங்கள்

அடிகாயக் குற்றங்களில் "வேண்டுமென்று காயம் விளைவித்தல்" என்பதற்கு நோக்கமோ, காயம் வரக்கூடும் என்ற அறிவோ போதும். அறிவை 79 ஆம் பிரிவு கொடுத்துவிடுவதால் வெறி என்ற வாதம் இங்கே வேலைசெய்யாது. களவுக்கு நேர்மையீனமான நோக்கம் வேண்டும். தவறணை வாசலில் நின்ற இன்னொருவரின் சைக்கிளைத் தன்னுடையதென்று எண்ணி உருட்டிக்கொண்டு போனவருக்கு அந்த நோக்கம் இல்லை. கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது 298 ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. அதில் குடி எதிரிக்கு உதவாது, கவனமெடுக்கவில்லை என்பதற்கே சான்றாகும். வாகனம் ஓட்டுவதில் நோக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது எல்லை. அதற்குமேல் ஓட்டினால் விபத்து நடக்காவிட்டாலும் குற்றம்.

பாதிக்கப்பட்டவர் வெறியில் இருந்தால் என்ன? 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெண்ணுக்கு ஆணோ வேறொருவரோ மதுவோ போதையோ கொடுத்து, அந்த நிலையில் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. அது பாலியல் வல்லுறவு.

வழக்கு எங்கே தீர்மானிக்கப்படுகிறது

விதிவிலக்கைக் கோருபவர்தான் அதை நிறுவவேண்டும் என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிறுவவேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது அதுவே என்று காட்டினால் போதும். அதற்கும் சான்று வேண்டும். வன்னியில் வழக்கு பலவீனப்படுவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

100 மில்லிலீற்றர் இரத்தத்தில் உள்ள மதுசாரம் மணிக்குச் சராசரி 15 மில்லிகிராம் வீதம் குறைகிறது. இரவு பத்து மணிக்கு 200 மில்லிகிராமில் இருந்தவர் மறுநாள் காலை பத்துக்குச் சரணடைந்தால், ஏறக்குறைய 20 தான் மிஞ்சியிருக்கும். ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள ஒரு குடியேற்றத்திலோ துணுக்காய்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்திலோ சம்பவம் நடந்தால், பொலிஸ் வந்து, ஆளைத் தேடிப் பிடித்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோவதற்குள் இரத்தம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடும். அப்போது மிஞ்சுவது பார்த்தவர்களின் சாட்சியம்.

"நல்ல வெறி" என்று மட்டும் சாட்சி சொன்னால் அது எதிரிக்கும் உதவாது, இறந்தவர் பக்கத்துக்கும் உதவாது. நீதிமன்றத்துக்கு வேண்டியவை இவை:

1. என்ன குடித்தார், எத்தனை மணியிலிருந்து, ஏறத்தாழ எவ்வளவு.
2. தானாக நடந்தாரா, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டினாரா, ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்தாரா.
3. ஆயுதம் கையில் ஏற்கெனவே இருந்ததா, போய் எடுத்துவந்தாரா. மண்வெட்டி வயலில் அருகே கிடந்ததற்கும், வீட்டுக் கூரையில் செருகியிருந்த கத்தியைப் போய் எடுத்ததற்கும் நோக்கத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு உண்டு.
4. முன்னரே பகை இருந்ததா. எல்லை வேலி, வாய்க்கால் தண்ணீர், காசுக் கொடுக்கல் வாங்கல்.
5. எத்தனை அடி, எந்த இடத்தில்.
6. பிறகு என்ன செய்தார். ஓடினாரா, உடுப்பு மாற்றினாரா, ஆயுதத்தை ஒளித்தாரா, அங்கேயே விழுந்து கிடந்தாரா.

இவற்றை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லவேண்டும். நீதவான் நீதிமன்றத்திலிருந்து சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கோவை போய், குற்றப்பத்திரம் வந்து, மேல் நீதிமன்றத்தில் சாட்சி ஏற ஆண்டுகள் கடந்துவிடும். அன்று சொல்லாமல் விட்டதை அப்போது புதிதாகச் சொன்னால் குறுக்கு விசாரணையில் நிற்காது. குடித்த இடத்தில் தானும் இருந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பவர்கள் உண்டு. கசிப்பு என்று சொன்னால் காய்ச்சியவரோடு பகை வரும் என்று பயப்படுபவர்களும் உண்டு. அந்த மௌனத்தின் விலையை ஒரு குடும்பம் கொடுக்கிறது, எந்தக் குடும்பம் என்பது வழக்குக்கு வழக்கு மாறும்.

இந்தச் சட்டம் நியாயமானதா?

அறியாமல் செய்தவரை அறிந்ததாகக் கொள்வது அநீதி என்று வாதிடுபவர்கள் உண்டு. கனடாவின் உயர் நீதிமன்றம் 2022 இல், அதீத வெறியில் தன் உடலின்மேல் கட்டுப்பாடே இல்லாதிருந்தவருக்கு எதிர்வாதத்தை மறுத்த ஒரு சட்டப் பிரிவை அரசியலமைப்புக்கு முரண் என்று நீக்கியது. சில வாரங்களில் அந்நாட்டுப் பாராளுமன்றம் கவனயீனமாகப் போதைக்குள்ளானவரைப் பொறுப்பாக்கும் புதிய பிரிவைக் கொண்டுவந்தது. இங்கிலாந்து 1976 ஆம் ஆண்டின் மஜெவ்ஸ்கி வழக்குக்குப் பிறகு குற்றங்களை இரண்டாகப் பிரித்து, சிலவற்றுக்கு மட்டும் வெறியைக் கணக்கிலெடுக்கிறது. அந்தப் பிரிப்பைவிட நமது 79 ஆம் பிரிவு நேர்மையானது என்பது என் கருத்து. தானே தேடிக்கொண்ட அறியாமையை அது மன்னிக்கவில்லை. இல்லாத நோக்கத்தை இருந்ததாகவும் சொல்லவில்லை. குறை அதன் மொழியில் இருக்கிறது. முற்பகுதியில் நோக்கத்தைச் சொல்லிவிட்டுப் பிற்பகுதியில் வாய்திறவாமல் விட்ட வசனத்தை 1883 இலிருந்து நீதிமன்றங்கள் சுமந்துகொண்டிருக்கின்றன.

வீட்டுக்குள் நடப்பது

செய்திக்கு வரும் கொலைகளைவிட, செய்திக்கு வராத அடிகள் மிக அதிகம். "வெறியில அடிச்சவர், விடிஞ்சா நல்ல மனிசன்" என்று பொறுத்துப்போகச் சொல்லும் அறிவுரையைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மேலே பார்த்ததுபோல், அடித்துக் காயப்படுத்தும் குற்றத்துக்கு வெறி எதிர்வாதமே அல்ல. அடிக்க வருபவர் வெறியில் இருக்கிறார் என்பதற்காக அடிவாங்குபவரின் தற்காப்புரிமை குறைவதும் இல்லை. வெறியால் ஒருவரின் செயல் குற்றமாகாமற் போனாலும், அவருக்கு எதிராகத் தற்காத்துக்கொள்ளும் உரிமை அப்படியே உண்டு என்று 91 ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் நேரே கேட்கலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அவசரமென்றால் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணையின் பின் 12 மாதம் வரையான கட்டளை. கணவரைச் சிறைக்கு அனுப்பவேண்டும் என்று கேட்கும் வழக்கு இது இல்லை. அவர் அடிக்கும் நோக்கத்தோடு இருந்தாரா, எவ்வளவு குடித்திருந்தார் என்று நிறுவும் சுமையும் அந்தப் பெண்ணுக்கு இல்லை. வன்முறை நடந்தது, அல்லது நடக்கக்கூடும் என்பதைக் காட்டினால் கட்டளை கேட்கலாம்.